ஊர் லினக்ஸ் குழு நின்றுபோய்விட்டதா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

ஊரில் லினக்ஸ் (விண்டோஸுக்கு மாற்றான, எவரும் இலவசமாகப் பயன்படுத்தக்கூடிய இயங்குதளம்) பயனர் குழு ஏதாவது இருக்கிறதா என்று தேடுகிறவர்களுக்கும், ஒரு காலத்தில் நன்றாக ஓடி நின்றுபோன குழுவைத் திரும்ப எழுப்ப நினைக்கிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன். வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. உங்கள் நிலைமை எந்தத் தலைப்பில் இருக்கிறதோ அங்கே போய், சொன்னதைச் செய்துபாருங்கள். சரியாகவில்லை என்றால் அடுத்த தலைப்பு.

இதெல்லாம் நடக்கிற காரியமா என்ற சந்தேகம் இருந்தால் இரண்டு ஊர்களைப் பாருங்கள். சென்னையின் லினக்ஸ் பயனர் குழுவான ஐலக்-சி 1998 முதல் இருக்கிறது. மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை என்றால் ஐஐடி வளாகத்தில் கூட்டம் என்று பல ஆண்டுகள் நகரத்து லினக்ஸ்காரர்களுக்குக் கேட்காமலே தெரியும். சென்னையில் ஆள் கிடைப்பார்கள், எங்கள் ஊரில் யார் இருக்கிறார்கள் என்று கேட்பீர்கள். அப்படியென்றால் விழுப்புரத்தைப் பாருங்கள். அங்கே 2013-இல் தொடங்கிய வி.ஜி.லக் குழு, கிராமத்து மாணவர்களுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டே வளர்ந்து, 2023 ஜனவரியில் டெபியன் (லினக்ஸ் வகைகளில் ஒன்று) சமூகத்தின் மினி டெப்கான்ஃப் மாநாட்டைத் தன் ஊரிலேயே நடத்தியது. ஐடி நிறுவனங்கள் வரிசைகட்டி நிற்கிற ஊர் இல்லை விழுப்புரம்.

அறிகுறி: தேடினால் ஒன்றுமே கிடைக்கவில்லை

முதலில் தேடுகிற சொல்லை மாற்றுங்கள். ஊர்ப்பெயரோடு ‘லக்’ (லினக்ஸ் யூசர்ஸ் குரூப் என்பதன் சுருக்கம்) சேர்த்துத் தேடுங்கள், காஞ்சிபுரத்தின் காஞ்சிலக் மாதிரி. குனுவையும் (லினக்ஸோடு சேர்ந்து இயங்குகிற மென்பொருள் திட்டம்) பெயரில் சேர்க்க வேண்டும் என்று நினைக்கிறவர்கள் ‘ஜிலக்’ என்று வைத்துக்கொள்வார்கள். கல்லூரிகளுக்குள் இருக்கிற குழுக்கள் பலவும் இந்தப் பெயரில்தான் இருக்கும். ‘கட்டற்ற மென்பொருள்’ (எவரும் பயன்படுத்தவும் மாற்றவும் பகிரவும் உரிமை தருகிற மென்பொருள்) என்று தமிழிலும் தேடுங்கள். ஊர்ப்பெயரை ஒரே எழுத்துக்கூட்டலில் தேடிவிட்டு நிறுத்தாதீர்கள். விழுப்புரம், திருச்சி, தூத்துக்குடி எல்லாவற்றுக்கும் ஆங்கிலத்தில் இரண்டு மூன்று எழுத்துக்கூட்டல் புழக்கத்தில் உண்டு.

அதிலும் கிடைக்கவில்லையா? குழுவை விட்டுவிட்டு ஆட்களைத் தேடுங்கள். லினக்ஸ் கூட்டத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் பைதான் நிரல்மொழிக் கூட்டத்திலும் இருப்பார்கள், தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதுவார்கள், ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் என்ற பொது வரைபடத்தில் தெரு வரைவார்கள். கட்டற்ற மென்பொருளைப் பரப்புகிற ஃபாஸ் யுனைடெட் அமைப்புக்குப் பல நகரங்களில் கிளைகள் இருக்கின்றன. 2012 ஜனவரியில் கட்டற்ற மென்பொருளுக்கான தமிழ் மாத இதழாகத் தொடங்கிய கணியம் இன்று அறக்கட்டளையாக இயங்குகிறது. அதில் எழுதுகிறவர்கள் பல மாவட்டங்களில் இருக்கிறார்கள். இந்த இடங்களில் எதிலாவது போய் ‘எங்கள் ஊர்க்காரர் யாராவது உண்டா’ என்று கேளுங்கள்.

இன்னொரு வழி உண்டு, பலரும் யோசிக்காதது. கட்டற்ற மென்பொருள் நாள் ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் மூன்றாவது சனிக்கிழமையை ஒட்டிக் கொண்டாடப்படுகிறது. உங்கள் மாவட்டத்தில் அந்த நாளுக்காகப் பழைய ஆண்டுகளில் ஏதாவது நிகழ்ச்சி நடந்ததா என்று பாருங்கள். நடந்திருந்தால் அழைப்பிதழிலோ புகைப்படத்திலோ ஒரு கல்லூரியின் பெயர் இருக்கும். அந்தக் கல்லூரியின் கணினி ஆய்வகத்துக்கு ஒரு நடை போய்வாருங்கள். அன்றைக்கு மாணவர்களாக இருந்தவர்கள் போயிருப்பார்கள், ஆய்வகப் பொறுப்பாளர் பெரும்பாலும் அங்கேயேதான் இருப்பார். யார் நடத்தினார்கள் என்பது அவருக்குத் தெரியும்.

குழுக்கள் மென்பொருளுக்குள்ளும் தடயம் விட்டுப்போகும். நோம், கேடிஇ (இரண்டும் லினக்ஸின் திரைச்சூழல்கள்), லிப்ரே ஆபீஸ் (அலுவலக மென்பொருள்) ஆகியவற்றின் தமிழாக்கக் கோப்புகளைத் திறந்தால் தலைப்பில் மொழிபெயர்த்தவர்கள் பெயர் இருக்கும். இலங்கையின் லினக்ஸ் பயனர் குழு உருவாக்கிய சிங்கள எழுத்துரு இன்றும் அந்தக் குழுவின் பெயரோடுதான் டெபியனில் கிடைக்கிறது. இப்படி ஒரு பெயர் கிடைத்தாலும் போதும், அதைப் பிடித்துக்கொண்டு ஆளைத் தேடிவிடலாம்.

அறிகுறி: பக்கம் இருக்கிறது, கடைசி அறிவிப்பு பல வருடம் பழையது

இங்கே முதலில் முடிவு செய்ய வேண்டியது, குழு நின்றதா, இடம் மாறியதா என்பதை. பெரிய இடப்பெயர்ச்சிகள் சில நடந்தன. கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலில் மூடப்பட்டது. யாஹூ குழுமங்கள் 2020 டிசம்பரில் போய்விட்டன, பழைய மடல்கள் அதற்கு முன்பே நீக்கப்பட்டுவிட்டன. 2021 மே மாதத்தில் ஃப்ரீநோடு என்ற ஐஆர்சி (பழைய எழுத்து அரட்டை முறை) வலைப்பின்னலின் நிர்வாகம் கைமாறியதும், அங்கே இருந்தவர்கள் லிபெரா சாட் என்ற புதிய வலைப்பின்னலுக்குக் குடிபெயர்ந்தார்கள். நடுவில் கொரோனா வந்து, இலவசமாகக் கிடைத்துக்கொண்டிருந்த வகுப்பறைகளும் போயின. உங்கள் ஊர்க் குழுவின் கடைசி அறிவிப்பு இந்தத் தேதிகளில் ஏதாவது ஒன்றின் பக்கத்தில் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் அநேகமாக வேறெங்கோ ஒரு டெலிகிராம் குழுவாகவோ மேட்ரிக்ஸ் அரட்டை அறையாகவோ இருக்கிறார்கள்.

சோதித்துப் பார்க்கச் சில இடங்கள்: இணைய ஆவணக் காப்பகத்தின் வேபேக் மெஷினில் (வலைப்பக்கங்களின் பழைய பிரதிகள் இருக்கிற இடம்) பழைய முகவரியைக் கொடுத்து, ‘தொடர்புக்கு’ பக்கம் வருடத்துக்கு வருடம் எப்படி மாறியது என்று பாருங்கள். கடைசிப் பிரதியைவிட நடுவில் இருக்கிற பிரதிகளில்தான் அதிக விவரம் கிடைக்கும். மடற்குழு மெயில்மேன் என்ற மென்பொருளின் பழைய பதிப்பில் ஓடியிருந்தால், மாதம் முதல் தேதி உறுப்பினர்களுக்குக் கடவுச்சொல் நினைவூட்டல் ஒன்று தானாகப் போகும். பழைய உறுப்பினர் ஒருவரைக் கேளுங்கள். அந்த மடல் இன்னும் வருகிறது என்றால் சர்வர் ஓடுகிறது, யாரோ அதற்குப் பணம் கட்டிக்கொண்டிருக்கிறார் என்று பொருள். ஐஆர்சி சேனல் என்றால் சேனல்களை நிர்வகிக்கிற சான்செர்வ் என்ற தானியங்கி நிரலிடம் விவரம் கேட்டுப் பதிவு செய்தவர் யார் என்று தெரிந்துகொள்ளலாம். அவர் கடைசியாக எப்போது வந்தார் என்பதையும் பயனர் பெயர்களைக் கவனிக்கிற நிக்செர்வ் நிரல் பெரும்பாலும் சொல்லிவிடும்.

ஆள் கிடைத்ததும் என்ன எழுதுவது? ‘குழு இப்போது இயங்குகிறதா?’ என்று மட்டும் கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு ‘இல்லை’ என்று பதில் எழுத எவருக்கும் மனம் வராது, அதனால் பதிலே வராது. பல ஞாயிற்றுக்கிழமைகளைக் கொடுத்து நடத்தியவர் அவர். இப்படி எழுதிப்பாருங்கள்:

‘வணக்கம். நான் இதே ஊரில் இருக்கிறேன், டெபியன் பயன்படுத்துகிறேன். வருகிற இரண்டாவது ஞாயிறு காலை 10 மணிக்கு மாவட்ட மைய நூலகத்தில் இருப்பேன். பழைய மடிக்கணினி ஒன்றில் லினக்ஸ் போடப்போகிறோம், இரண்டு மாணவர்கள் வருகிறார்கள். உங்களால் வர முடிந்தால் மிகவும் மகிழ்ச்சி. முடியாவிட்டாலும், முன்பு குழுவில் இருந்த யாரிடமாவது பேசலாம் என்றால் சொல்லுங்கள்.’

நாள், இடம், வேலை மூன்றும் இருக்கிற மடல் இது. அவர் எதையும் பொறுப்பேற்க வேண்டியதில்லை, வந்தால் போதும். பழைய ஆட்கள் திரும்பி வருவது இப்படித்தான். இரண்டு வாரம் பதில் இல்லையென்றாலும் சொன்ன நாளில் போய் உட்காருங்கள்.

அறிகுறி: பழைய பக்கம், டொமைன், டெலிகிராம் குழு எதற்கும் யாரிடமும் அனுமதி இல்லை

டொமைனிலிருந்து (தளத்தின் இணையப் பெயர்) தொடங்குங்கள், அதற்குத்தான் கெடு இருக்கிறது. டொமைன் பதிவு விவரம் காட்டுகிற ஹூ-இஸ் தேடலில் காலாவதித் தேதியும் எந்த நிறுவனத்திடம் பதிவானது என்பதும் தெரியும். டாட் காம், டாட் ஆர்க் போன்றவை காலாவதியானதும் உடனே கைவிட்டுப் போய்விடுவதில்லை. பதிவு நிறுவனத்தைப் பொறுத்து 45 நாள்வரை சலுகை கிடைக்கலாம், அதன்பின் கூடுதல் கட்டணம் கட்டி மீட்க 30 நாள், அப்புறம் 5 நாளில் யார் வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் புதுப்பிக்கப் பழைய உரிமையாளரின் கணக்கு வேண்டும். வெளிநாட்டில் வேலையில் இருந்தாலும் அவரைப் பிடித்துவிடுங்கள். ஐந்து நிமிட வேலை என்று தெரிந்தால் பெரும்பாலோர் செய்து கொடுத்துவிடுவார்கள். டொமைனை வேறு யாரோ வாங்கிச் சூதாட்ட விளம்பரம் போட்டிருந்தால் அதன் பின்னால் போகாதீர்கள். புதுப் பெயர் எடுத்துக்கொண்டு, பழைய முகவரியைக் காட்டுகிற விக்கிப்பீடியா இணைப்பு, கல்லூரிப் பக்கம், கூகுள் மேப்ஸ் பதிவு ஆகியவற்றைத் தேடித் திருத்துங்கள்.

டெலிகிராம் குழுவின் உரிமையை உரிமையாளர்தான் மாற்றிக் கொடுக்க முடியும். அதற்கு அவர் கணக்கில் இரட்டைச் சரிபார்ப்பு முன்பே இயங்கிக்கொண்டிருக்க வேண்டும், அப்போதே போட்டு அப்போதே மாற்ற டெலிகிராம் விடாது. அதனால் அவரிடம் பேசும்போதே ‘அண்ணா, இதை இன்றைக்கே போட்டுவைத்துவிடுங்கள், அடுத்த வாரம் மாற்றிக்கொள்ளலாம்’ என்று சொல்லிவிடுவது நல்லது.

ஒரு எச்சரிக்கை. பழைய உறுப்பினர் பட்டியல் கைக்குக் கிடைத்தால், அதில் இருக்கிற எண்களை எல்லாம் அள்ளிப் புதிய வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடாதீர்கள். அவர்கள் சம்மதம் கொடுத்தது வேறு காலத்தில், வேறு இடத்துக்கு. ஒரே ஒரு மடல் அனுப்பி, வர விரும்புகிறவர்கள் தாங்களே சேரட்டும் என்று இணைப்பைக் கொடுங்கள். குறைவாகத்தான் வருவார்கள். வருகிறவர்கள் விரும்பி வந்தவர்களாக இருப்பார்கள்.

அறிகுறி: டெலிகிராமில் நூற்றுக்கணக்கில் இருக்கிறார்கள், கூட்டத்துக்கு மூன்று பேர்

நான் பார்த்தவரை, நின்றுபோன குழுக்களில் அதிகமும் இந்த இடத்தில்தான் நின்றன. காரணமும் பெரும்பாலும் ஒன்றே: நாள் நிலையாக இல்லை. ‘இந்த மாதம் எப்போது வைக்கலாம்?’ என்று குழுவில் ஓட்டெடுப்பு வைப்பார்கள். சனிக்கு ஏழு பேர், ஞாயிறுக்கு எட்டுப் பேர். சரி, ஞாயிறு. சனிக்கு ஓட்டுப் போட்ட ஏழு பேரும் அந்த மாதத்தைக் கைகழுவிவிடுவார்கள். எட்டில் நான்கு பேர் வருவார்கள். அடுத்த மாதம் தேர்வு, அதற்கடுத்த மாதம் தீபாவளி என்று தள்ளிப்போகும். மூன்றாவது முறை தள்ளிப்போனபின் கேட்கவே யாருக்கும் தோன்றாது.

தீர்வு: ஓட்டெடுப்பை இன்றோடு நிறுத்துங்கள். மாதத்தில் ஒரு நாளை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது சனி, நான்காவது ஞாயிறு, எதுவானாலும் சரி, அதை மாற்றவே மாற்றாதீர்கள். பேச்சாளர் வரவில்லை என்றாலும் கூட்டம் உண்டு. மழை என்றாலும் உண்டு, நீங்களும் இன்னொருவரும் மட்டும் என்றாலும் உண்டு. நாள் பொங்கலில் விழுந்தால் அந்த மாதம் இல்லை என்று அறிவியுங்கள், வேறு நாளுக்கு மாற்ற வேண்டாம். ஐலக்-சிக்கு இரண்டாவது சனி எப்படி ஊரறிந்த நாளாக இருந்ததோ, காஞ்சிலக்குக்கு ஞாயிறு மாலை இணையவழிக் கூட்டம் அப்படி. தேதி தெரிந்திருந்தால்தான் இரண்டு வருடம் வராமல் இருந்தவரும் ஒரு நாள் சும்மா எட்டிப்பார்க்க முடியும். இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள்.

அடுத்தது அழைப்பு. குழுவில் போடுகிற பொது அறிவிப்பை எல்லோரும் பார்ப்பார்கள், தன்னைக் கூப்பிட்டதாக யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஐந்து பேருக்குத் தனித்தனியாகச் செய்தி அனுப்புங்கள், ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் சொல்லி. ‘போன வாரம் உபுண்டுவில் பிரிண்டர் வேலை செய்யவில்லை என்று கேட்டீர்களே, பிரிண்டரோடு வாருங்கள், பார்த்துவிடலாம்’ என்பது ஒரு காரணம். ‘நீங்கள் ஹோம் சர்வர் வைத்திருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன், பத்து நிமிடம் காட்ட முடியுமா’ என்பது இன்னொன்று.

மூன்று பேர் வந்த நாளில் என்ன செய்வது? வருத்தப்பட்டுக்கொண்டு டீ குடித்துவிட்டுக் கலைய வேண்டாம். ஆளுக்கு ஒரு சிக்கலை எடுத்து வையுங்கள், ஒன்றையாவது தீர்த்துவிட்டு எழுந்திருங்கள். என்ன செய்தோம் என்று ஐந்து வரி எழுதி அன்று இரவே குழுவில் போடுங்கள். வராதவர்களுக்கு இது நடக்கிறது என்று தெரியட்டும்.

அறிகுறி: புதியவர்கள் வருகிறார்கள், இரண்டாவது முறை வருவதில்லை

புதிதாக வந்த ஒருவர் முதல் கால் மணி நேரத்தில் என்ன பார்க்கிறார் என்று கவனியுங்கள். உள்ளே நுழைகிறார். நாலு பேர் கெர்னல் தொகுப்பதைப் பற்றியோ, சிஸ்டம்-டி நல்லதா கெட்டதா என்றோ ஆங்கிலமும் தமிழும் கலந்து வேகமாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஓரமாக உட்கார்ந்து, ஒரு மணி நேரம் கழித்து ‘வருகிறேன்’ என்று சொல்லாமலே போய்விடுகிறார். அவருக்குக் கேட்க ஒரு கேள்வி இருந்தது. கேட்க இடம் கிடைக்கவில்லை.

கூட்டத்துக்கு ஒருவரை வரவேற்பதற்கென்றே வையுங்கள். அன்றைக்கு அவருக்கு வேறு வேலை இல்லை. பெயர் கேட்டு, என்ன கணினி, எதற்காக வந்தார் என்று கேட்டு, அந்த வேலைக்குப் பொருத்தமான ஆளின் பக்கத்தில் உட்கார வைக்க வேண்டும். முதல் அரை மணி நேரம் தொடக்கநிலைக் கேள்விகளுக்கு மட்டும் என்று அறிவித்துவிடுங்கள். டிஸ்ட்ரோ (லினக்ஸ் வகை) சண்டை எழுந்தால் உடனே நிறுத்துங்கள். லினக்ஸ் மிண்ட் வைத்திருக்கிறவரிடம் ‘அதெல்லாம் ஒரு டிஸ்ட்ரோவா’ என்று ஒருவர் சொன்னால், அந்த மிண்ட்காரரைத் திரும்பப் பார்க்க மாட்டீர்கள்.

தமிழில் பேசுங்கள். இதைச் சொல்ல வேண்டியிருப்பதே எனக்கு வருத்தம்தான். கட்டளைகள் ஆங்கிலத்தில் இருக்கும், இருக்கட்டும். விளக்கம் தமிழில் இருந்தால் பாலிடெக்னிக் மாணவரும் கேள்வி கேட்பார், ஓய்வுபெற்ற ஆசிரியரும் கேட்பார். முதல்முறை வருகிற எவருக்கும் லினக்ஸில் தமிழ்99 விசைப்பலகையை அமைத்துக் கொடுத்து, அவர் பெயரை அவரே தட்டச்சு செய்ய வைக்கிற குழு எனக்குத் தெரிந்து நல்ல குழு. ஐபஸ், எம்17என் என்ற தட்டச்சு மென்பொருள்கள் இரண்டையும் நிறுவி, அமைப்புகளில் தமிழ்99-ஐச் சேர்த்தால் முடிந்தது, பத்து நிமிடம்.

பெண்கள் ஒரு முறை வந்துவிட்டு வராமல் போனால் நேரத்தையும் இடத்தையும் முதலில் பாருங்கள். கூட்டம் மாலை ஆறரை வரை இழுத்தால், பேருந்து மாறிப் போக வேண்டிய ஊர்க்காரருக்கு அது கடைசிக் கூட்டம்தான். காலை பத்திலிருந்து ஒன்று வரை வையுங்கள், பொது இடத்தில் வையுங்கள், கழிப்பறை இருக்கிறதா என்று முன்கூட்டியே பாருங்கள். வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்தால் எண் எல்லோருக்கும் தெரிந்துவிடும், அப்புறம் தேவையில்லாத செய்திகள் வரும். அறிவிப்புக்கு எண் தெரியாத வழி ஒன்றும் இருக்கட்டும். தொந்தரவு செய்கிறவரைப் பற்றி யாரிடம் சொல்வது என்பதற்கு இரண்டு பேரின் பெயர் முன்பே அறிவிக்கப்பட்டிருக்க வேண்டும், புகார் வந்தால் அவர்கள் உடனே நடவடிக்கை எடுக்கவும் வேண்டும்.

அறிகுறி: கூடுவதற்கு இடம் இல்லை

மாவட்ட மைய நூலகத்தைக் கேட்டுப்பாருங்கள். சென்னையில் அண்ணா நூற்றாண்டு நூலகமும், மதுரையில் 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகமும் இருக்கின்றன; சிறிய ஊர்களிலும் நூலகர்கள் வாசகர் கூட்டத்துக்கு இடம் கொடுத்துப் பழகியவர்கள். கல்லூரி என்றால் முதல்வருக்கு ஒரு பக்கக் கடிதம்: என்ன நடக்கும், எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடியும், கட்டணம் கிடையாது, மாணவர்களும் சேரலாம், அறையைப் பூட்டிச் சாவியை ஒப்படைப்பவர் யார். கடைசி வரி இருந்தால் அனுமதி சீக்கிரம் கிடைக்கும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இரண்டு கையோடு கொண்டுபோங்கள். வைஃபை இருக்கும் என்று நம்ப வேண்டாம்.

அறிகுறி: பேசத் தலைப்பு இல்லை, ஒவ்வொரு மாதமும் பேச்சாளரைத் தேடி அலைகிறோம்

அப்படியானால் பேச்சை விட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். இன்றைக்கு ஊரில் வேலை கொட்டிக் கிடக்கிறது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லு கேட்கிறது, இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய பிராசசர்களை ஏற்பதில்லை. நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற கணினிகள் பாதுகாப்புத் திருத்தம் இல்லாமல் நிற்கின்றன: ஜெராக்ஸ் கடையில், டியூஷன் சென்டரில், சிறிய தனியார் பள்ளியில். அதோடு தமிழ்நாட்டில் 2011 முதல் மாணவர்களுக்கு அரசு கொடுத்த மடிக்கணினிகளும் இருக்கின்றன. மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸையும் அவற்றில் போட்டுத்தான் கொடுத்தார்கள். எத்தனை வீட்டில் அது ஒருமுறையாவது திறக்கப்பட்டது? சொல்லிக்கொடுக்கப் பக்கத்தில் ஆள் இருந்திருந்தால் கதை வேறாக இருந்திருக்கும். அந்த மடிக்கணினிகள் இன்னும் பல வீட்டு அலமாரிகளில் இருக்கின்றன.

ஆகவே நிறுவல் முகாம். ‘பழைய கணினியைக் கொண்டுவாருங்கள், இலவசமாக லினக்ஸ் போட்டுத் தருகிறோம்’ என்று நூலகப் பலகையில் ஒரு தாள் ஒட்டினால் போதும். நடத்துவதில் சிக்கல் வருகிற இடங்கள் இவை.

கோப்புகளின் நகல் எடுக்காத கணினியைத் தொடாதீர்கள். ‘ஒன்றும் முக்கியமானது இல்லை’ என்பார்கள், அப்புறம் குழந்தையின் பிறந்தநாள் படம் அதில்தான் இருந்தது என்பார்கள். வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்று முகாமில் இருக்கட்டும், நகல் எடுத்து அவர் கண்ணால் திறந்து பார்த்தபின் வேலையைத் தொடங்குங்கள்.

புதிய மடிக்கணினியில் விண்டோஸும் இருக்க வேண்டும் என்றால் வட்டை மறையாக்கம் செய்கிற பிட்லாக்கரைப் பாருங்கள். உரிமையாளருக்கே தெரியாமல் அது இயங்கிக்கொண்டிருக்கலாம். மீட்புச் சாவியை முன்பே எழுதி வைத்துக்கொள்ளாமல் செக்யூர் பூட் என்ற தொடக்கப் பாதுகாப்பு அமைப்பை மாற்றினால், விண்டோஸ் திரும்பத் திறக்கும்போது அந்தச் சாவியைக் கேட்டு நிற்கும். விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்-அப் வசதியையும் அணைத்துவிடுங்கள். நிறுவியில் (லினக்ஸை நிறுவுகிற நிரல்) ஹார்ட் டிஸ்க்கே தெரியவில்லை என்றால் பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரை) இன்டெல் விஎம்டி அல்லது ஆர்எஸ்டி என்ற வட்டு முறை இயங்குகிறதா என்று பாருங்கள். அதை அப்படியே ஏஹெச்சிஐ என்ற பொதுவான வட்டு முறைக்கு மாற்றினால் விண்டோஸ் திறக்காமல் போகும், முதலில் விண்டோஸை சேஃப் மோடில் திறக்கும்படி அமைத்துவிட்டு மாற்ற வேண்டும்.

32-பிட் கணினி வந்தால் டெபியன் 13-இல் அதற்கான நிறுவி கிடையாது. டெபியன் 12 போடலாம், அதற்கும் காலம் குறைவு என்பதை உரிமையாளரிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். 2 ஜிபி ரேம் கொண்ட 64-பிட் கணினிக்கு எக்ஸ்எஃப்சிஇ அல்லது எல்எக்ஸ்க்யூடி என்ற இலேசான திரைச்சூழல் போதும், நோம் வேண்டாம்.

இணைய வேகம் பெரிய தலைவலி. பத்துக் கணினியும் ஒரே கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில் மேம்படுத்தத் தொடங்கினால் மாலைவரை நகராது. ஒரு மடிக்கணினியில் இறக்கிய கோப்புகளைச் சேமித்து வைக்கிற ஆப்ட்-கேச்சர்-என்ஜியை நிறுவி, மற்ற கணினிகள் அதன் 3142-ஆம் போர்ட் வழியாகப் போகும்படி செய்யுங்கள். ஒருமுறை இறங்கிய மென்பொருள் பொதி அடுத்த கணினிக்கு உள்ளிருந்தே கிடைத்துவிடும். வென்டாய் என்ற மென்பொருள் போட்ட பென் டிரைவ் நான்கைந்து வைத்துக்கொண்டால் ஒவ்வொன்றிலும் பல டிஸ்ட்ரோக்களின் ஐஎஸ்ஓ (நிறுவல்) கோப்புகளை அப்படியே போட்டுக்கொள்ளலாம்.

கணினியைத் திருப்பிக் கொடுக்கும்போது அடுத்த கூட்டத்தின் தேதி எழுதிய சீட்டையும் கொடுங்கள். லினக்ஸ் போட்ட முதல் மாதத்தில் எல்லோருக்கும் ஏதாவது சந்தேகம் வரும், அவர் திரும்பி வருவார். சிக்கலோடு வருகிறவர்கள் இருந்தால் பேச்சாளர் இல்லையே என்ற கவலை இருக்காது.

அறிகுறி: கல்லூரியில் வைத்தால் அரங்கம் நிறைகிறது, அடுத்த மாதம் ஒருவரும் இல்லை

சான்றிதழுக்கோ வருகைப்பதிவுக்கோ வந்த கூட்டம் அது. குறை மாணவர்களிடம் இல்லை, அவர்களை அழைத்துவந்து உட்கார வைத்த முறையில் இருக்கிறது. அடுத்த முறை சான்றிதழ் கிடையாது என்று சொல்லி வையுங்கள், இருபது பேர் வந்தால் அந்த இருபதுதான் குழு. பொறுப்பை இரண்டாம் ஆண்டு மாணவர்களிடம் கொடுங்கள். இறுதியாண்டு மாணவர் திறமையாகவே செய்வார், ஆனால் வேலைவாய்ப்பு முகாம் தொடங்கியதும் போய்விடுவார்.

அறிகுறி: எல்லா வேலையும் ஒருவர் தலையில்

அவருக்குத் திருமணம் ஆகலாம், பெங்களூருக்கு மாற்றல் வரலாம், உடம்பு சரியில்லாமல் போகலாம். அன்றோடு குழுவும் நின்றுவிடும். டொமைன், சர்வர், டெலிகிராம், நூலகத் தொடர்பு எல்லாவற்றுக்கும் மூன்று பேரிடம் அனுமதி இருக்க வேண்டும். கடவுச்சொற்களை கீபாஸ்எக்ஸ்சி என்ற கடவுச்சொல் பெட்டக மென்பொருளின் கோப்பு ஒன்றில் போட்டு மூவரும் வைத்துக்கொள்ளுங்கள். வருடத்துக்கு ஒருமுறை மூவராலும் திறக்க முடிகிறதா என்று ஒரு கூட்டத்திலேயே செய்துபாருங்கள். அந்த ஒருவர் ஊரில் இருக்கும்போதே ஒரு மாதம் அவரை வரவே வேண்டாம் என்று சொல்லி நடத்திப்பாருங்கள். எது தடைப்படுகிறதோ அதை எழுதி வையுங்கள்.

குழுவைப் பதிவு செய்ய வேண்டுமா என்று கேட்பார்கள். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன்படி ஏழு பேர் சேர்ந்தால் சங்கமாகப் பதிவு செய்யலாம். ஆனால் அதன்பின் ஆண்டுதோறும் பொதுக்குழு, கணக்கு, பதிவாளரிடம் தாக்கல் எல்லாம் தொடரும். நன்கொடை வாங்கிப் பயிற்சி நடத்துகிற அளவு வளர்ந்தால் அது தேவைப்படும். மாதம் எட்டுப் பேர் கூடுகிற குழுவுக்கு இப்போது வேண்டாம் என்பது என் கருத்து. டீச் செலவை அவரவர் போட்டுக்கொள்ளலாம்.

அறிகுறி: எல்லாம் செய்தும் ஒரு வருடமாக இரண்டு மூன்று பேர்தான்

நாளும் மாறவில்லை, முகாமும் நடத்தியாகிவிட்டது, ஆள் சேரவில்லை. சில ஊர்களில் அப்படித்தான் இருக்கும். படித்தவர்கள் வேலைக்காக வெளியேறிவிடுகிற ஊர்கள் அவை. பக்கத்து ஊர்க் குழுவோடு சேர்ந்துகொள்வதைப் பற்றி யோசியுங்கள். விழுப்புரத்துக்கும் புதுச்சேரிக்கும் இடையே ஒரு மணி நேரப் பேருந்துப் பயணம்தான், இப்படி எத்தனையோ இணை ஊர்கள் உண்டு. மாதக் கூட்டம் அங்கே, மூன்று மாதத்துக்கு ஒருமுறை நிறுவல் முகாம் உங்கள் ஊரில் என்று பேசி முடிவு செய்யலாம். வாரக் கேள்விகளுக்கு இணையவழிக் கூட்டம் இருக்கிறது, ஜிட்சி என்ற காணொளிக் கூட்டத் தளத்தில் சேர இணைப்பு ஒன்று போதும்.

அப்படிச் சேரும்போது உங்கள் குழுவின் பெயரையும் பக்கத்தையும் அழித்துவிடாதீர்கள். பக்கத்தின் மேலே, ‘இப்போது இன்ன ஊர்க் குழுவோடு சேர்ந்து கூடுகிறோம், மாதத்தின் இந்தக் கிழமை, இந்த இடம்’ என்று எழுதி, உங்கள் இரண்டு மூன்று பேரில் யாரைத் தொடர்புகொள்ளலாம் என்பதையும் போட்டு வையுங்கள். டொமைனை இரண்டு வருடத்துக்குச் சேர்த்துப் புதுப்பித்துவிடுங்கள்.